ஒரு ரூபாய் கட்டி ஒரு வேட்பாளரின் கணக்கைப் பார்த்த கதை

“எதிர்த் தெருவுக்கெல்லாம் கொடுத்துட்டாங்க சார், எங்க தெருவுக்கு மட்டும் இன்னும் வரல. அதுக்கு யாருகிட்ட புகார் கொடுக்கணும்?”

2016 மே மாதத்தில், சட்டமன்றத் தேர்தலுக்கு நான்கு நாட்களே இருந்தபோது, ஓட்டுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் பூக்கட்டும் பெண்மணி ஒருவர் கேட்ட கேள்வி இது. அவர் கேலியாகக் கேட்கவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்றால் எந்தத் தொனியில் கேட்பாரோ அதே தொனியில்தான் கேட்டார். கூட்டுறவு வங்கி ஒன்றின் தணிக்கைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்தக் கேள்விக்கு அன்று பதில் தெரியவில்லை. வாங்குவதே தவறு என்று துண்டறிக்கையில் அச்சடித்திருந்ததையே வாயாலும் ஒருமுறை சொன்னேன். “நான் வாங்கலைன்னா அது கவர்மென்ட் கஜானாவுக்கா போகப்போகுது? கொண்டுவர்ற ஆளு பாக்கெட்டுலதான் நிக்கும். ரெண்டு பேருகிட்டயும் வாங்கிக்கிட்டு நான் நினைச்சவருக்குத்தான் போடுவேன்” என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் பூக்கட்ட உட்கார்ந்துவிட்டார்.

திருச்சி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்குக் கிழக்கே தஞ்சாவூர், மேற்கே கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி. அந்த வாரக் கடைசியில் இவ்விரண்டு தொகுதிகளிலும் பணப்பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவை ஒத்திவைத்த தேர்தல் ஆணையம், மே மாத இறுதியில் தேர்தல் அறிவிக்கையையே ரத்துசெய்தது. பணத்துக்காக ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் இப்படி ரத்தானது இந்தியாவில் அதுவே முதல்முறை. நாங்கள் சிலர் டீக்கடையில் இனிப்பு வாங்கிப் பகிர்ந்துகொண்டோம். ஆனால் நவம்பர் 19 அன்று அதே தொகுதிகளில் மறுபடியும் தேர்தல் நடந்தபோது முதன்மைக் கட்சிகளின் சார்பில் அதே வேட்பாளர்கள்தான் நின்றார்கள். 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலிலிருந்து ‘ஃபார்முலா’ என்ற சொல்லுக்கே தமிழ்நாட்டு அரசியலில், ஓட்டுக்குப் பணம் கொடுத்து வெல்வது என்ற தனிப் பொருள் வந்துவிட்டது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தானது. ரத்து என்பது நோய்க்கு மருந்தாக அமையவில்லை, நோயின் வீச்சைக் காட்டும் அடையாளமாகவே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் பிறகுதான் பூக்கட்டும் பெண்மணியின் பேச்சை ஒரு தணிக்கையாளனாக யோசித்துப் பார்த்தேன். இருவரிடமும் வாங்கிக்கொண்டு விருப்பப்பட்டவருக்குப் போடுகிறார் என்றால், அந்தப் பணம் அவருடைய வாக்கை வாங்கவில்லை. பிறகு எதை வாங்குகிறது? களத்தில் யார் இறங்கலாம், யார் இறங்க முடியாது என்பதைத்தான் அது முடிவுசெய்கிறது. கோடிக்கணக்கில் புரட்ட முடியாதவருக்குக் கட்சியில் சீட்டு இல்லை. புரட்டியவர் வென்றால், போட்டதை எடுக்காமல் ஐந்தாண்டுகளைக் கழிப்பதில்லை. அப்படியானால் வாங்குபவரின் வாசலில் நின்று அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, செலவழிப்பவரின் கணக்கைப் பிடித்துக்கொள்வதுதான் எங்களைப் போன்றவர்களால் ஆகக்கூடிய வேலை என்று தோன்றியது. கணக்கு எனக்குத் தெரிந்த தொழிலும்கூட.

2021 தேர்தலுக்கு ஆறு பேர் சேர்ந்தோம். கல்லூரி ஆசிரியர் ஒருவர், சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மைக் செட், பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர், நான். சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு அப்போது 30 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2022 ஜனவரியில் அது 40 லட்சமாக உயர்ந்தது. வேட்பாளர் இதற்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கவேண்டும். ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுப்பதானால் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை செலவுப் பதிவேட்டை அதிகாரிகளிடம் காட்டவேண்டும். அவர் எழுதுவது ஒரு புத்தகம் என்றால், தேர்தல் அலுவலர்கள் தாங்களாகக் கண்டதையும் காணொளியில் பதிந்ததையும் வைத்து எழுதும் இன்னொரு புத்தகம் உண்டு. அதை நிழல் பதிவேடு என்பார்கள். ஒரு நாற்காலிக்கு என்ன வாடகை, ஒரு தேநீருக்கு என்ன விலை, ஒரு குட்டி யானை வண்டிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு என்று கட்சிகளுடன் பேசி மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் விலைப்பட்டியலை வைத்துத்தான் இந்த நிழல் பதிவேட்டில் தொகை போடப்படுகிறது. அந்தப் பட்டியலை முதல் வாரத்திலேயே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டது நாங்கள் செய்த மிகச் சரியான காரியம்.

மிகத் தவறான காரியம் அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் செயல்வீரர் கூட்டம் என்ற பெயரில் ஊருக்கே பிரியாணி போட்டார்கள். எங்கள் தபால்காரர் சாமர்த்தியமாகத் தன் கைப்பேசிக் கேமராவில் ஏழு நிமிடம் படம் பிடித்து வந்துவிட்டார். ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அதை ஏற்ற உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஏற்கெனவே எடுத்துவைத்த படத்தை அது ஏற்பதில்லை என்பது. செயலிக்குள்ளிருந்தே படம் எடுக்கவேண்டும்; காணொளி இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது; எடுத்த ஐந்து நிமிடங்களுக்குள் அனுப்பிவிடவேண்டும்; எடுத்த இடத்தைச் செயலி தானே குறித்துக்கொள்ளும். இவ்வளவும் சரியாக இருந்தால் நூறு நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது கணக்கு. விரும்பினால் பெயரைத் தெரிவிக்காமலும் புகார் அனுப்பலாம். ஆகவே இதில் இறங்க நினைப்பவர்கள், தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் செயலியை நிறுவி, சுவரில் வரைந்த சின்னம் போன்ற சிறிய விதிமீறல் ஒன்றை வைத்துப் பழகிக்கொள்வது நல்லது. பிரியாணி ஆறிய பிறகு பழகிப் பயனில்லை.

செலவினப் பார்வையாளராக வந்திருந்த வருவாய்ப் பணி அதிகாரி வடமாநிலத்தவர். பயணியர் மாளிகையில் காலையில் ஒரு மணி நேரம் பொதுமக்களைச் சந்திப்பார் என்று நாளிதழில் செய்தி வந்திருந்தது. நான்கு பக்கத்தில், ஜனநாயகம் எப்படியெல்லாம் சீரழிகிறது என்ற முன்னுரையுடன் நான் எழுதிய மனுவை மொழிபெயர்ப்பாளர் அவருக்குச் சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் கணக்குக் குழு பதிவேட்டில் ஏற்றக்கூடிய ஒரு வரியாவது இதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை. அன்றிரவே கட்டம் போட்டுப் படிவம் ஒன்று தயாரித்தோம்: தேதி, நேரம், இடம், பொருள், எண்ணிக்கை, விலைப்பட்டியல்படி தொகை, எங்களில் யார் நேரில் பார்த்தது. ஒரு புகாருக்கு அரைப் பக்கம், கூடவே ஆங்கிலத்தில் நான்கு வரிச் சுருக்கம். அதற்குப் பிறகு பதினொரு புகார்கள் கொடுத்தோம். அவற்றில் நான்கு நிழல் பதிவேட்டில் ஏறியதைப் பின்னால் கண்ணால் பார்த்தோம்.

எதை எண்ணுவது என்பதிலும் ஒரு பாடம் உண்டு. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் வந்து செல்லும் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. ஆனால் அவர் பேசும் மேடையில் வேட்பாளரும் ஏறினாலோ, அவர் பெயரோ படமோ அங்கே இருந்தாலோ, கூட்டச் செலவில் வேட்பாளருக்கும் பங்கு விழும். எங்கள் ஊர்த் திடலில் நடந்த பெரிய கூட்டத்தில் பதாகைகளில் தலைவர்கள் இருந்தார்கள், சின்னம் இருந்தது, வேட்பாளரைக் காணோம். மேடைக்குக் கீழே முதல் வரிசையில் கும்பிட்டபடி நின்றிருந்தார். தலைவர் பேச்சை முடிக்கும்போது மட்டும் பழக்கதோஷத்தில் மேலே அழைத்துக் கையைத் தூக்கிப்பிடித்துவிட்டார். எங்கள் சட்டக் கல்லூரி மாணவி காத்திருந்தது அந்த அரை நிமிடத்துக்காகத்தான். அந்த ஒரு படத்தால் பல ஆயிரம் நாற்காலிகளில் ஒரு பங்கு வேட்பாளர் தலையில் ஏறியது. ஆரத்தித் தட்டுகளும் அப்படித்தான். தெருவுக்குத் தெரு வரிசையாக நிற்கும் பெண்களின் தட்டில் விழும் நோட்டை மரியாதை என்பதா, பட்டுவாடா என்பதா என்று யாரும் வாதாடிக்கொண்டிருக்கலாம். சுயஉதவிக் குழுத் தலைவி வாதாடவில்லை, தட்டுகளை எண்ணினார்.

நாற்காலிகளின் எண்ணிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் மைக் செட் நண்பர். ஒரு வரிசைக்கு எத்தனை, ஒரு லாரிக்கு எத்தனை, ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மூன்றாவது வாரத்தில் அவர் விலகிக்கொண்டார். எங்களோடு திரிகிறார் என்று தெரிந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் அவரிடம் சாமான் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் அறுவடை அவருக்கு அது. அவர் மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. தேர்தல் பணத்தால் வயிறு வளர்ப்பவர்கள் கொடுப்பவரும் வாங்குபவரும் மட்டுமல்ல, கொடி தைப்பவரும் பட்டாசு விற்பவரும் வண்டி ஓட்டுபவரும்தான் என்பதை மறந்துவிட்டுக் குழு அமைத்தது என் தவறு. யாருடைய பிழைப்பு எதில் இருக்கிறது என்று முதலிலேயே வெளிப்படையாகப் பேசி, அப்படிப்பட்டவரிடம் தகவலை மட்டும் கேட்டுக்கொண்டு, அவரைத் தெருவில் நிறுத்தாமல் இருந்திருக்கவேண்டும்.

உண்மையான பட்டுவாடாவில் நாங்கள் முழுத் தோல்வி அடைந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, அதிகாலையில், வாக்காளர் பட்டியலின் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டு, அந்தந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஆட்களைக் கொண்டே அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். பறக்கும் படை வந்து சேர்ந்தபோது தெருவில் கோலம் மட்டுமே இருந்தது. 2021 தேர்தலில் தமிழ்நாட்டில் 446 கோடி ரூபாய் மதிப்புள்ள பணமும் பொருளும் பிடிபட்டதாக ஆணையம் அறிவித்தது. பிடிபட்டதே அவ்வளவு என்றால் பிடிபடாதது எவ்வளவு என்பது அவரவர் ஊகத்துக்கு. ஆவணமின்றி ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் கொண்டுபோகக் கூடாது என்ற விதியில் மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போகும் வியாபாரி மாட்டிக்கொள்வார். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஊருக்குள் வந்து பதுங்கிவிட்ட பணம் எந்தச் சோதனைச் சாவடியையும் கடக்கவேண்டியதில்லை.

சாட்சி கிடைக்காததற்குக் காரணம் பயம் மட்டுமல்ல. அன்று நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 171-பி பிரிவிலும், இப்போது அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவிலும், கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே. ‘எனக்குக் கொடுத்தார்கள், வாங்கினேன்’ என்று எழுதித் தருபவர் தன் மேலேயே வழக்குக்கு வழிசெய்கிறார். எனவே யாரையும் அப்படி எழுதித் தரச் சொல்லி நாங்கள் கேட்பதில்லை என்று முடிவெடுத்தோம். கவரோடு நிற்பவரை வழிமறிப்பதும் இல்லை. அப்படி ஒருமுறை குறுக்கே போன கல்லூரி ஆசிரியர், மறுநாள் காலையில் தன் இருசக்கர வாகனத்தின் இரண்டு டயர்களும் கிழிந்திருக்கக் கண்டார். இருவராகச் செல்வது, தள்ளி நிற்பது, 1950 என்ற தேர்தல் உதவி எண்ணிலோ செயலியிலோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது என்பதற்கு மேல் துணிச்சல் வேண்டாம் என்றே நான் யாருக்கும் சொல்வேன்.

முடிவுகள் மே 2 அன்று வெளியாயின. வேட்பாளர்கள் முப்பது நாட்களுக்குள் தங்கள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 78ஆம் பிரிவு. வெற்றியை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுப்பதானால் நாற்பத்தைந்து நாட்களுக்குள் தொடுக்கவேண்டும் என்கிறது 81ஆம் பிரிவு. வேட்பாளர் மட்டுமன்றி அத்தொகுதியின் வாக்காளர் எவரும் தொடுக்கலாம். காப்புத்தொகை இரண்டாயிரம் ரூபாய். உச்சவரம்பைத் தாண்டிச் செலவழிப்பது அதே சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி முறைகேடு. ஆனால் கடைசி நாளில் தாக்கலாகும் கணக்கைப் பார்த்து, ஒப்பிட்டு, வழக்கறிஞரைத் தேடி, மனு எழுத ஒரு குடிமகனுக்குக் கிடைப்பது பதினைந்தே நாட்கள். அந்தப் பதினைந்து நாட்களும் எங்களுக்குக் கொரோனா ஊரடங்கில் கழிந்தன.

ஜூலையில்தான் போக முடிந்தது. தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தும் எவரும் வேட்பாளரின் கணக்கைப் பார்வையிடலாம். குறிப்பிட்ட கட்டணத்துக்குச் சான்றிட்ட நகலும் பெறலாம். நான் போன அலுவலகத்தில் இந்த ஒரு ரூபாயை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் நாள் மேலதிகாரியைப் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்றார்கள். மூன்றாம் முறை விதியின் அச்சுப் பிரதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகு, ஓர் இளைய எழுத்தர் அதை இருமுறை வாசித்துவிட்டு, கோப்புகளை எடுத்து வந்து கொடுத்தார். வாக்குவாதம் செய்யாமல் விதியை அச்செடுத்துக்கொண்டு போனால் இரண்டு நடைகள் மிச்சம் என்பது இதில் நான் கண்டது.

மர மேசையில் நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். வென்றவரும் இரண்டாம் இடம் வந்தவரும் உச்சவரம்பின் பாதியைச் சற்றே தாண்டிக் கணக்குக் காட்டியிருந்தார்கள். திடல் கூட்டத்துக்கு அதை நடத்திய தரப்பு காட்டிய நாற்காலிகள் முந்நூறு. பக்கத்து நிழல் பதிவேட்டில் எங்கள் படத்தின் பேரில் ஏறியிருந்த தொகை வேறு. அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு போயிருந்தது. வேட்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டு சேர்த்துக்கொண்டிருந்தது. சேர்த்த பிறகும் உச்சவரம்புக்கு வெகுதூரம் கீழேதான் இருந்தார்கள். எங்கள் ஒரு மாத உழைப்பு அந்த இடைவெளியில் ஒரு விரற்கடை அளவைத்தான் குறைத்திருந்தது. இருந்தாலும், ஒரு வேட்பாளர் தன் கணக்கைத் திருத்திக் கையெழுத்திட நேர்ந்த அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவைத் தணிக்கைத் தொழில் செய்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அதே கட்டுக்குள் இன்னொரு கோப்பும் இருந்தது. எங்கள் பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவர் பத்தாயிரம் ரூபாய் வைப்புத்தொகை கட்டிச் சுயேச்சையாக நின்று அதை இழந்தவர். டீக்கடை ரசீது, ஒலிபெருக்கி ஆட்டோ வாடகை, துண்டறிக்கை அச்சுக்கூலி என்று பைசா பிசகாமல் எழுதப்பட்டிருந்த ஒரே கணக்கு அவருடையது. மூன்று ஆய்வு நாட்களில் ஒன்றுக்கு வரவில்லை என்று அறிவிப்பு வாங்கியவரும் அவர்தான். அன்று அவர் வயலில் நடவாம். கணக்கே கொடுக்காதவரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10-ஏ பிரிவின்கீழ் மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்ய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதில் சிக்குவோர் பெரும்பாலும் இவரைப் போன்ற சுயேச்சைகளும் சிறு கட்சியினருமே. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ், காசு கொடுத்துச் செய்தி போட்டதைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டதைப் போன்ற நிகழ்வுகள் அரிது. ஆகவே இப்போது சுயேச்சைகளுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும் எங்கள் வேலையில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பணமில்லாதவரைக் காகிதம் தோற்கடிப்பதையாவது தடுக்கலாம் அல்லவா?

இவ்வளவும் வேட்பாளரின் கணக்கைப் பற்றியது. கட்சி செலவழிக்க இந்த நாட்டில் உச்சவரம்பே கிடையாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாட்களுக்குள் கணக்குக் காட்டினால் போதும். வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று கன்வர் லால் குப்தா வழக்கில் உச்சநீதிமன்றம் 1974இல் சொன்னது. அந்த மை காய்வதற்குள் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாமல் ஆக்கியது. அந்தக் கதவை ஓரளவு மூட 2003 வரை ஆயிற்று. மறுபுறம், குடிமக்கள் அமைப்புகள் 2017இல் தொடுத்த வழக்கில்தான், கொடுப்பவர் பெயர் வெளியில் தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. வேட்பாளரின் சொத்தும் குற்ற வழக்குகளும் இன்று நமக்குப் பிரமாணப் பத்திரமாகக் கிடைப்பதும், அகமதாபாத் பேராசிரியர்கள் சிலர் 1999இல் தொடங்கிய அமைப்பின் வழக்கால்தான். பணப்பட்டுவாடாவுக்காகத் தேர்தலை ரத்துசெய்யும் அதிகாரத்தை 58-பி என்ற பிரிவாகச் சட்டத்திலேயே சேர்க்கவேண்டும் என்று, எங்கள் அண்டைத் தொகுதிகளின் அனுபவத்துக்குப் பின் ஆணையமே மைய அரசைக் கேட்டது. அதையும், கட்சிச் செலவுக்கு உச்சவரம்பையும், தேர்தல் வழக்குக்கான காலக்கெடு கணக்குத் தாக்கலான நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்பதையும் கேட்டு நாங்கள் தொகுதியில் கையெழுத்துகள் வாங்கி அனுப்பினோம். முதல் இரண்டும் பலர் கேட்பவை. மூன்றாவது அந்த மர மேசையில் உட்கார்ந்தபோது எனக்குத் தோன்றியது.

கையெழுத்து வாங்கப் போனபோது பூக்கட்டும் பெண்மணியையும் பார்த்தேன். அறிவுரை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னார். வேட்பாளர் தன் கணக்கில் மாலைக்கு என்ன விலை போட்டிருந்தார் என்று நகலைப் பார்த்துச் சொன்னேன். “இந்த விலைக்கு இங்க யாரு சார் ஆளுயர மாலை கட்டித் தர்றா?” என்று வாய்விட்டுச் சிரித்தவர், அன்று ஒரு நாளில் தான் மட்டும் எத்தனை மாலை கட்டினார், ஒவ்வொன்றும் என்ன விலை என்று விரல்விட்டுச் சொல்லத் தொடங்கினார். பையிலிருந்து படிவத்தை எடுத்து எழுதிக்கொண்டேன். பார்த்தவர் பெயர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டேன்.